கை மரத்தது, குற்றவாளி சீட்

ரோட் பைக், அதாவது வேகமாக ஓட்டும் ரோடு சைக்கிள், வாங்கிய முதல் வருஷம் முழுக்க எனக்கு இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். ஈசிஆரில் கோவளம் தாண்டியதும் ஆரம்பித்துவிடும், மாமல்லபுரத்தில் இறங்கி டீ கிளாஸை வலது கையில்தான் வாங்க வேண்டும், இடது கையில் கொடுத்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. ஜெல் வைத்த கையுறை வாங்கினேன், ஹேண்டில்பாருக்கு இரட்டை டேப் சுற்றினேன், கடையில் சொன்னார்களென்று ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டேன். வண்டி தொட்டாலே திரும்ப ஆரம்பித்தது, விரல் மட்டும் பழையபடி.

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிவந்து, சீட் மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கவைத்து அதன்மேல் வைத்தால் குமிழி பின்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. சீட் மூக்கு அவ்வளவு கீழே. இறக்கியது நான்தான்! உட்காரும் இடம் வலிக்கிறதே என்று ஒருநாள் ஆலன் கீயால் திருகிவிட்டு மறந்திருக்கிறேன். மூக்கு சரிந்தால் மிதிக்க மிதிக்க உடம்பு முன்னால் வழுக்கும், கை இரண்டும் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும், உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு பிறகு நசுங்காமல் என்ன செய்யும்?

சரி, மட்டம் பார்த்து நிமிர்த்தினேன். கை தேறியது, உட்காரும் இடத்து வலி திரும்பி வந்தது. அது உயரத்தின் வேலை. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டில் புத்தகத்தை இறுக்கி வைத்து அளந்தால் 79 செ.மீ. சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் கணக்குப்படி 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல் தண்டு) சுழலும் மையத்திலிருந்து சீட் மேல்பக்கம் வரை 69.8 வர வேண்டும். என்னுடையது 71.5. இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் மிதித்திருக்கிறேன், பின்னால் வந்த நண்பன் சொன்னபோது கேட்கவில்லை. பழைய உயரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு 5 மி.மீ. இறக்கி இரண்டு ரைடு, அப்புறம் இன்னொரு 5. மூன்றாவது முறை இறக்கி 70க்குப் போனபோது முட்டிச்சில்லுக்குக் கீழே பிடித்தது, 70.5க்கே ஏற்றிவிட்டேன். கணக்கு எங்கே தொடங்கலாம் என்றுதான் காட்டியது. 110 ஸ்டெம் மறுபடி ஏறிவிட்டது.

பதில்:

அண்ணா, என் கதை பிரேக்கில். கை சின்னது, ஹூட்டில் (பிரேக் லீவர் மேலுள்ள ரப்பர் பிடி) பிடித்தால் லீவர் விரல் நுனிக்குத்தான் எட்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் விரலை இழுத்து நீட்டியே பிடித்துவந்து, அடிவாரத்தில் தோள்பட்டை இறுகிப்போய்க் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சைஸ் தப்பு, வண்டியை விற்றுவிடலாம் என்றே முடிவுசெய்துவிட்டேன். லீவரைக் கிட்டே கொண்டுவர அதிலேயே ஒரு குட்டித் திருகாணி இருக்கிறது, வாங்கியபோது யாருமே காட்டவில்லை. அதைத் திருகியபிறகு பிரேக் பிடிக்கும் தூரம் மாறுகிறது, ஓட்டிக் கிளம்புமுன் தெருவிலேயே நாலு தடவை பிடித்துப் பாருங்கள்.

பதில்:

என் தங்கையும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கே அவள் வண்டியைப் பார்க்கிறேன். ரசமட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மேஸ்திரி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.