13 ஆண்டுகள் 4 மாதப் பணியோடு படையை விட்டு வரலாமா?

கேள்வி: திருவட்டாறு நாயக்

அனைவருக்கும் வணக்கம். தரைப்படையில் நாயக்காக இருக்கிறேன். பணியில் சேர்ந்து 13 ஆண்டுகளும் 4 மாதங்களும் ஆகின்றன. இப்போது எங்கள் யூனிட் அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. சொந்த ஊர் திருவட்டாறுக்கு அருகில். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியாக இருந்த அப்பா, நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் இறந்துவிட்டார். தங்கை திருமணமாகிச் சென்றுவிட்டாள். வீட்டில் அம்மா, மனைவி, ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரு பிள்ளைகள்.

கடந்த ஆவணியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 19 நாள்கள் இருந்து வீட்டுக்கு வந்தபின், அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது முதல் உணவூட்டுவது வரை எல்லாவற்றையும் என் மனைவி ஒருவரே செய்கிறார். இதற்காகத் தனியார் பள்ளியில் பார்த்துவந்த ஆசிரியை வேலையையும் விட்டுவிட்டார். செய்தி கிடைத்து நான் திப்ருகரில் விவேக் விரைவு வண்டி ஏறி, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை மூன்று நாள்களுக்கு மேல் கடந்து வீடு சேர்ந்தபோது, அம்மாவுக்கு என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அதன்பின் எனக்கு இங்கே மனம் ஒட்டவில்லை.

மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மைத்துனர், மாதம் 22,000 ரூபாய் தருவதாகக் கூறி வரச் சொல்கிறார். வீட்டுக் கடனுக்கு மாதம் 11,000 ரூபாய் கட்ட வேண்டும்; தங்கையின் திருமணத்துக்கு வைத்த நகைக்கடனும் மீதம் இருக்கிறது. பென்ஷனுக்கு 15 ஆண்டுகள் வேண்டும் என்பது தெரியும். 14 ஆண்டுகள் முடித்தாலே போதும் என்று பாரக்கில் (படையினர் தங்குமிடத்தில்) சிலர் கூறுகிறார்கள். விருப்ப டிஸ்சார்ஜுக்கு, அதாவது சொந்த விருப்பத்தில் விலகுவதற்கு, இப்போதே எழுதிக் கொடுக்கலாமா, பொறுத்திருக்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுபேதார், தக்கலை

தம்பி, உங்கள் தாயார் நலம்பெற வேண்டுகிறேன். எழுதிக் கொடுப்பதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது வெளியேறினால் இரு வகைப் பணிக்கொடைதான் கிடைக்கும், பென்ஷன் கிடைக்காது. ஒவ்வோர் ஆறு மாதப் பணிக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில் ஒன்று, கால் மாத ஊதியம் என்ற கணக்கில் மற்றொன்று. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மீதியை அரையாண்டாகவே கொள்வதால் உங்களுக்கு 27 அரையாண்டுகள் வரும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 மாத ஊதியம். கையில் வாங்கும்போது பெரிய தொகையாகத்தான் தோன்றும். ஆனால் வீட்டுக் கடனையும் நகைக்கடனையும் அடைத்தபின் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இன்னும் 20 மாதங்கள் இருந்து 15 ஆண்டுகளை முடித்தால், கடைசியாக வாங்கும் அடிப்படை ஊதியத்துடன் ராணுவப் பணிப்படி 5,200 ரூபாயையும் சேர்த்து அதில் பாதி, அகவிலைப்படியோடு வாழ்நாள் முழுவதும் வரும். நீங்கள் 19 வயதில் சேர்ந்தவர் என்றால், 34 வயதில் தொடங்கும் பென்ஷன் அது.

பென்ஷன் இல்லாதவருக்கு இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட வசதியும் இல்லை. உங்கள் அம்மாவின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருந்தால், பென்ஷனோடு வரும்போது அவரையும் சார்ந்தவராகச் சேர்க்கலாம். அம்மாவுக்காக வேலையை விட எண்ணுகிற நீங்கள், அம்மாவுக்கு வரவேண்டிய சிகிச்சை உரிமையையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மேலும், சொந்த விருப்பத்தில் பென்ஷனுக்கு முன்பே வெளியேறுபவர், வேலை ஒதுக்கீட்டுக்கான வரையறைப்படி முன்னாள் படைவீரராகக் கருதப்படுவதில்லை. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு, வங்கி எழுத்தர் பணிகளில் 14.5 விழுக்காடு என்று நமக்கென ஒதுக்கியிருக்கும் இடங்களுக்கு உங்களால் விண்ணப்பிக்க இயலாமல் போகும்.

பாரக்கில் சொல்லும் 14 ஆண்டுக் கதையை நம்ப வேண்டாம். பென்ஷன் விதி பணிக்காலக் குறைவை மன்னிக்க இடம் தருவது உண்மைதான்; ஆனால் தன் விருப்பத்தின் பேரில் டிஸ்சார்ஜ் ஆகிறவரை அந்த விதியின் வாசகமே விலக்கி வைத்திருக்கிறது. இன்னொன்று, எழுதிக் கொடுத்த மறுநாளே விட்டுவிடவும் மாட்டார்கள். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13ஆம் விதிப்படி, காரணம் தகுந்தது என்றும் யூனிட்டின் ஆள்பலம் அளவுக்கு மீறிக் குறையாது என்றும் சி.ஓ. (யூனிட்டின் கட்டளை அதிகாரி) நிறைவடைந்தால்தான் அனுமதிப்பார்.

முதலில் கம்பாஷனேட் போஸ்டிங்குக்கு, அதாவது குடும்பச் சூழலைக் காட்டி ஊருக்கு அருகே இடமாற்றம் கேட்டு, எழுதுங்கள். நாகர்கோவிலில் என்.சி.சி. பட்டாலியன் இருக்கிறது, திருவனந்தபுரம் பாங்கோட்டில் ராணுவ நிலையம் இருக்கிறது, வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. கேட்ட இடம் கிடைக்கும் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் கேட்காதவருக்கு எதுவும் கிடைக்காது.

பதில் 2: 12 ஆண்டில் வெளியேறியவன், குலசேகரம்

சுபேதார் ஐயா கூறிய கணக்கு முழுவதும் சரி. அதை வாழ்ந்து பார்த்தவன் நான். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் 12 ஆண்டுப் பணியோடு வெளியே வந்தேன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றதும், கடைசி இரவில் அவர் தலையை என் மடியில் வைத்திருந்ததும் எந்தப் பென்ஷனாலும் எனக்குக் கிடைத்திருக்காது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

வருந்துவது வேறொன்றுக்காக. அப்பா 14 மாதங்களில் போய்விட்டார். எனக்கோ அதன்பின் வாழ்வதற்கு நீண்ட காலம் இருந்தது. பணிக்கொடைப் பணத்தில் வாங்கிய சுமை ஆட்டோவை இரண்டே ஆண்டுகளில் விற்றேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் இரவுக் காவல் பார்க்கிறேன். என்னோடு படையில் சேர்ந்து முழுப்பணி முடித்தவரும் அங்கேயே இருக்கிறார். அவருக்கு இந்தச் சம்பளம் கூடுதல் வருமானம். எனக்கு இதுதான் அரிசி. போஸ்டிங் கேட்கலாம் என்று அன்று எனக்கு யாரும் கூறவில்லை, நானும் விசாரிக்கவில்லை. தம்பி, அந்த வழியையும் முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். கடை நொடித்தால் முதலில் நிற்பது உறவினரின் சம்பளம்தான்.

பதில் 3: படைவீரரின் மனைவி, கருங்கல்

அண்ணா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவி என்ன விரும்புகிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

என் மாமியாரை நான் மூன்று ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். என் கணவர் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், "விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே எனக்குப் பெரும் சுமையாக இருந்தது. வாருங்கள் என்றால் பின்னாளில் வரும் வறுமைக்கு நான் காரணமாவேன்; வேண்டாம் என்றால் தாயையும் மகனையும் பிரித்தவளாவேன். எனக்குத் தேவைப்பட்டது, பகலில் நான்கு மணி நேரம் என் கைவேலையை வாங்கிக்கொள்ள ஓர் ஆளும், இரவில் ஒரு முழுத் தூக்கமும்தான். என் கணவர் ஒரு ஹோம் நர்ஸை ஏற்பாடு செய்த பிறகுதான் வீட்டில் அழுகை நின்றது.

ஆண்டுக்கு 60 நாள் விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் என்றால், மீதமுள்ள 20 மாதங்களில் ஏறத்தாழ 150 நாள்கள் வருகின்றன. யூனிட்டின் நிலைமையைப் பொறுத்ததுதான் என்றாலும், எந்தெந்த மாதத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்பதை இருவரும் நாள்காட்டியை வைத்துக்கொண்டு பேசி முடிவெடுங்கள். வரும் நாள் தெரிந்திருந்தால் காத்திருப்பது அவ்வளவு கடினம் இல்லை. நீங்கள் வெளியேறியபின் உங்களுக்கே ஏதேனும் நேர்ந்தால் குடும்பப் பென்ஷனும் இருக்காது என்பதையும் அவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

திருவட்டாறு நாயக்:

மூவருக்கும் நன்றி. கருங்கல் சகோதரி கேட்டது என்னைச் சுட்டது. நேற்று இரவு மனைவியிடம் நேராகக் கேட்டேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் வேலையை விட வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? பிஸியோதெரபிக்குக் கூட்டிப் போகும் நாள்களில் சின்னவனைப் பார்க்க ஆள் இல்லை என்றுதானே சொன்னேன்," என்றார். நான்கு மாதங்களாக அதை நான் காதில் வாங்கவே இல்லை.

பகல்நேரத்துக்கு ஹோம் நர்ஸ் ஒருவரைத் திங்கள்கிழமை முதல் வரச் சொல்லியிருக்கிறோம். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மனைவி அனுப்பிவிட்டார். போஸ்டிங் விண்ணப்பத்தை யூனிட்டின் சீனியர் ஜே.சி.ஓ.விடம் (இளநிலை அதிகாரியிடம்) நாளை காலையில் கொடுக்கிறேன். சுபேதார் ஐயா, நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு என் மனைவி தனியாகச் சென்று உதவி கேட்கலாமா?

ஓய்வுபெற்ற சுபேதார், தக்கலை:

தாராளமாகச் செல்லலாம். பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கும் உதவுவது அந்த அலுவலகத்தின் பொறுப்புதான். சார்ந்தோர் அட்டை, மருத்துவச் சான்றுகள், குடும்ப அட்டை மூன்றையும் நகலோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தகவல் அனுப்புங்கள். என் வீட்டுக்காரியும் நானும் தக்கலையிலிருந்து வந்துவிடுகிறோம்.