டிராக்: தடைவிசையா, இழுப்பா?

வணக்கம்.

காற்றோ நீரோ ஒரு பொருளை உரசிப் போகும்போது, ஓட்டத்தின் திசையில் அதன் மீது செலுத்தும் விசைதான் ஆங்கிலத்தில் டிராக் (drag). அதற்குத் தமிழில் ‘தடைவிசை’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். விமானத்துக்கும் கப்பலுக்கும் சரி; அங்கே பொருள் போகிறது, காற்றோ நீரோ மறிக்கிறது. கடலடியில் அறைந்து நிறுத்திய எண்ணெய்த் துரப்பண மேடையின் கால் எங்கே போகிறது? நீரோட்டம்தான் அதைத் தன் போக்கில் கொண்டுபோகப் பார்க்கிறது.

அளவுகளின் பரிமாணங்களை மட்டும் வைத்து அவற்றின் உறவைத் தேடும் பரிமாணப் பகுப்பாய்வு இந்தச் சண்டையில் யார் பக்கமும் சேராது. நீரில் மூழ்கிய உருளையின் மீதான விசை, நீரின் அடர்த்தி, பாகியல் எண் (நீரின் பிசுக்குத்தன்மையின் அளவு), உருளையின் விட்டம், திசைவேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. விசையையும் சேர்த்து 5 அளவுகள். நிறை, நீளம், காலம் என 3 அடிப்படைப் பரிமாணங்கள். பக்கிங்காம் 1914-இல் எழுதிய தேற்றப்படி, பரிமாணமற்ற எண்கள் இரண்டு மிஞ்சும். ஒன்று ரெனால்ட்ஸ் எண்: அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகியல் எண்ணால் வகுத்தது. மற்றது, விசையை ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × முகப்பரப்பு என்பதால் வகுத்து வருவது. (அந்த ½ பகுப்பாய்வு தந்ததல்ல, வழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.) அந்த வேகம் நீருக்கும் பொருளுக்கும் இடையிலான சார்பு வேகம். நகர்வது யார் என்று சூத்திரம் கேட்பதில்லை; பெயர் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

‘இழுவிசை’ என்றால் பள்ளிப் பாடநூலில் கயிற்றில் இருப்பது. நங்கூரச் சங்கிலியிலும் இழுவிசை, மிதவையின் மீதும் இழுவிசை என்று எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

அதனால் ‘இழுப்பு’ என்கிறேன். ஆற்றில் இறங்குபவரிடம் “இழுப்பு அதிகம், பாத்து” என்கிறோமே, அதேதான். மூச்சிரைப்புக்கும் அதே சொல் உண்டு, மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மேலே விசையை வகுத்துப் பெற்ற இரண்டாவது எண் ‘இழுப்புக் கெழு’.

சொல்லை ஒரு கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். கால் 1 மீட்டர் விட்டம், நீரோட்டம் விநாடிக்கு 1 மீட்டர், கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோகிராம். கெழுவைச் சேர்க்காமல், மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 512 நியூட்டன். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வடிவமைப்பு நெறிகளில் வழவழப்பான குழாய்க்கு இழுப்புக் கெழு 0.65, சொரசொரப்பானதற்கு 1.05. அதாவது 333 நியூட்டன் இழுப்பு, சிப்பியும் கொட்டலசும் அப்பிய பிறகு 538. அப்பியது விட்டத்தையும் கூட்டுமே, அது தனி. சொரசொரப்பின் உயரத்தை விட்டத்தால் வகுத்தால் மூன்றாவது பரிமாணமற்ற எண். “சிப்பி அப்பினால் இழுப்பு கூடும்” என்பது தளப் பொறியாளரின் வாயிலும் தடுமாறாமல் வரும்.

அலை வந்தால் அலைக்காலமும் அளவுகளில் சேர்ந்துகொள்ளும். நீரின் வேகத்தை அலைக்காலத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்த கியூலிகன்–கார்ப்பென்டர் எண் அப்படிக் கிடைப்பதுதான். அலையில் நிற்கும் தூணின் மீதான விசைக்கு 1950-இல் மோரிசனும் மற்றவர்களும் தந்த சமன்பாட்டில் இழுப்பு ஒரு பகுதி, நீரின் முடுக்கத்தால் வரும் நிலைம விசை மறு பகுதி. அந்த மறு பகுதியில், பொருளோடு சேர்ந்து முடுக்கப்படும் நீரின் நிறைக்கு (ஆங்கிலத்தில் added mass) ஒரு பெயர் வேண்டும். ‘கூட்டு நிறை’ என்றால் மொத்த நிறை என்று படிப்பார்கள். ‘உடன்நிறை’ எப்படி?