பிளாக்கிங் ஃபால்ஸ் கொடுத்தும் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன, உதவி தேவை

கேள்வி:
பைத்தானில் நான்கு த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் நடக்கிற தனித்தனி ஓட்டங்கள்) ஓடுகிற ஒரு ப்ரோகிராம். கேஷ் (எடுத்துவைத்திருக்கிற தகவல்) பழசாகிவிட்டால் முதலில் அதைக் கவனிக்கிற த்ரெட் புதுப்பித்து ஃபைலில் எழுதவேண்டும், மற்றவை காத்திருக்காமல் பழைய தகவலை வைத்தே வேலையைத் தொடரலாம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எழுதுவதற்காக ஒரு லாக் வைத்திருக்கிறேன், மற்றவை காத்திருக்கக்கூடாது என்பதால்தான் அந்த லாக்கை வாங்குகிற அக்வயருக்கு பிளாக்கிங் ஃபால்ஸ் (கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடு) என்று கொடுத்தேன். ட்ரைக்குள் முதல் வரி அக்வயர், கிடைக்காவிட்டால் அங்கேயே ரிட்டர்ன், கிடைத்தால் எழுதுகிற வேலை, ஃபைனலியில் ரிலீஸ் (லாக்கை விடுவிப்பது). அவ்வளவுதான். ஆனால் லாக் விடுவிக்கப்பட்டே இருக்கிறது என்று ரன்டைம் எரர் அடிக்கடி வருகிறது, எப்போதாவது ஒருமுறை ஃபைலிலும் இரண்டு த்ரெட் எழுதியது ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. எரர் வந்த த்ரெட்டைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது ஒழுங்காக லாக் வாங்கியதுதான்! இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
அக்வயர் பண்ணுவதற்கு முன்னால் லாக்ட் மெத்தடைக் கூப்பிட்டு, யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போங்களேன்.

பதில் 2:
அதில் பலன் இல்லைங்க. பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும். பிளாக்கிங் ஃபால்ஸ் அக்வயர் அந்த இரண்டையும் ஒரே அடியில் செய்வதற்காகத்தான் இருக்கிறது.

கோளாறு உங்கள் ஃபைனலியில். ட்ரைக்குள்ளிருந்து ரிட்டர்ன் ஆனாலும் ஃபைனலி ஓடியே தீரும். முதல் த்ரெட் லாக்கோடு எழுதிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது கேட்டுப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, கிளம்புகிறது, போகிற போக்கில் ஃபைனலி வழியாக முதலாவதின் லாக்கைத் திறந்துவிட்டுப் போகிறது. பைத்தானின் சாதாரண லாக்குக்கு யார் வாங்கினார்கள் என்கிற கணக்கே கிடையாது, எந்த த்ரெட் வேண்டுமானாலும் ரிலீஸ் பண்ணலாம். அந்த இடைவெளியில் மூன்றாவது த்ரெட் வந்தால் உள்ளே போய்விடும், அப்போதுதான் ஃபைல் பின்னுகிறது. யாரும் வராவிட்டால், முதல் த்ரெட் வேலையை முடித்துவிட்டு ரிலீஸ் பண்ணும்போது லாக் ஏற்கெனவே திறந்திருக்கும், எரர் அதன் தலையில் விழும். தோற்றுப்போகிற ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ரிலீஸ் கூடுதல், அதனால்தான் எரர் அடிக்கடி, குழப்பம் எப்போதாவது.

அக்வயரையும் அந்த ரிட்டர்னையும் ட்ரைக்கு மேலே கொண்டுபோய் வையுங்கள், லாக் கையில் வந்தபிறகே ட்ரை தொடங்கட்டும். சந்தேகம் இருந்தால் மாற்றுவதற்கு முன் சாதாரண லாக்குக்குப் பதில் தற்காலிகமாக ஆர்லாக் (பைத்தானின் இன்னொரு வகை லாக்) போட்டு ஓட்டிப் பாருங்கள், அதற்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியும், வாங்காத த்ரெட் ரிலீஸ் பண்ணினால் அந்த த்ரெட்டிலேயே எரர் கொடுக்கும். ஜாவாவின் ரீஎன்ட்ரன்ட்லாக்கும் அப்படித்தான், இதே தவறைச் செய்தால் இல்லீகல் மானிட்டர் ஸ்டேட் எக்செப்ஷன் வரும்.

கேட்டவர்:
ஆர்லாக் போட்டேன், முதல் எரரே ரிட்டர்ன் ஆகிற த்ரெட்டில்தான் வந்தது. மேலே நகர்த்தியதும் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. இன்னொரு இடம். ப்ரோகிராம் நிற்கும்போது கடைசியாக ஒருமுறை கட்டாயம் எழுதவேண்டும், அங்கே லாக் கிடைக்கும்வரை வைல் லூப்பில் பிளாக்கிங் ஃபால்ஸ் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அந்த நேரத்தில் சிபியு எகிறுகிறது.

பதில் 2:
லூப்பை எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் செய்ய வேறு வேலை இருந்தால்தான் பிளாக்கிங் ஃபால்ஸ், இங்கே உங்களுக்கு இருக்கிற ஒரே வேலை காத்திருப்பது. வெறும் அக்வயர் போதும், த்ரெட் தூங்கிவிடும், சிபியுவைத் தின்னாது. எங்கேயாவது தொங்கிவிடுமோ என்று பயமாக இருந்தால் டைம்அவுட் 5 கொடுங்கள், 5 நொடிக்குள் கிடைக்காவிட்டால் ஃபால்ஸ் திரும்பும், அதைக் கட்டாயம் சோதிக்கவேண்டும். பிளாக்கிங் ஃபால்ஸையும் டைம்அவுட்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், வேல்யூ எரர் வரும். அக்வயர், ரிலீஸ் இரண்டுக்கும் பதிலாக வித் எழுதினாலும் டைம்அவுட் கொடுக்க வழியில்லை, அது கிடைக்கும்வரை காத்தே நிற்கும்.

அப்புறம், ஆர்லாக்கை மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். அதே த்ரெட் இரண்டாவது முறை கேட்டால் ஆர்லாக் மறுக்காமல் கொடுத்துவிடும், புதுப்பிக்கிற ஃபங்ஷன் சுற்றிவந்து தன்னையே கூப்பிட்டால் கேள்வியில்லாமல் உள்ளே போய்விடும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். வெறும் அக்வயரே வைத்துக்கொண்டேன், டைம்அவுட் வேண்டியிருக்கவில்லை.