டைம்ஷேர் விடுதியில் குடும்பத்தோடு தங்கலாமா?

கேள்வி:
வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் உள்ள டைம்ஷேர் விடுதி (பலர் பணம் கட்டி உறுப்பினராகி, ஆண்டுக்குச் சில நாள் முறைவைத்துத் தங்கும் விடுதி) ஒன்றில், கொழுந்தனாரின் உறுப்பியத்தைப் பயன்படுத்தி நான்கு நாள் தங்க எண்ணியுள்ளோம். பல்லாண்டு பால்மரம் வெட்டிய என் மாமியாருக்கு முட்டிவலி, பிள்ளைகள் மூவர். ஹோட்டலைவிட இது வசதியாக இருக்குமா?

பதில் 1:
வசதியாகவே இருக்கும், சகோதரி. நாங்கள் தங்கிய இடத்தில் இரண்டு படுக்கையறைகளும் சமையலறையும் இருந்ததால், அம்மா வீட்டிலிருந்தே அரிசியும் புளியும் நெத்திலியும் கொண்டுவந்து, காலையிலேயே கஞ்சி வைத்துவிட்டார். அங்கிருக்கும் கத்தி மட்டும் தக்காளியைக்கூட நறுக்காது. ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முக்கியமாக, முன்பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கொழுந்தனாரிடம் உறுதிசெய்யுங்கள். எங்கள் பெயர் விடுபட்டதால், தூங்கி விழும் பிள்ளைகளோடு வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

பதில் 2:
ஈடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குச் சென்றால், அங்கிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலிலேயே பத்துமலைக்குப் போகலாம். மாமியார் 272 படிகளை ஏறாமல், கீழே நின்றே 42.7 மீட்டர் முருகன் சிலையை வணங்கலாம்.

பதில் 3:
அங்கே உறுப்பியம் விற்க விளக்கக் கூட்டத்துக்கு அழைத்தால், அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். தன் உறுப்பியத்திலிருந்து விலக முடியாமல் என் அண்ணன் இன்னும் தவிக்கிறார். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டண உயர்வு, விலகும் முறை ஆகிய பகுதிகளை நிதானமாகப் படியுங்கள். பணச் சிக்கல் ஏற்பட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே கொடுக்கலாம்.