கும்பகோணத்தில் இருந்துகொண்டு டொலேடோவை ஆராய்ச்சி செய்ய முடியுமா?

குடந்தைக்காரி:
வணக்கம். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஸ்பெயினில் இருக்கும் டொலேடோ நகரத்தின் கலையை எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆரம்பித்தது ஒரு புகைப்படத்தில்தான். சான்டா மரியா லா பிளாங்கா என்று ஒரு கட்டடம், உள்ளே வெள்ளைவெளேரென்று வரிசையாகத் தூண்கள், மேலே குதிரை லாடம் மாதிரி வளைவுகள். யூதர்கள் வழிபடக் கட்டியது, கட்டிய பாணி முஸ்லிம்களுடையது, அப்போது ஊரை ஆண்டது கிறிஸ்தவ ராஜா, பிற்பாடு அதையே தேவாலயமாக மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் ஒரே இடத்தில் எப்படி நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் போல இருக்கிறது.

ஒரு பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். "தாராசுரம் பக்கத்திலேயே இருக்கு, ஸ்பெயின் எதுக்கும்மா" என்றார். வீட்டில் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது, நேரில் போய்ப் பார்க்க இப்போதைக்குப் பணமும் இல்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, தாராளமாக எடுங்கள். வேலை விஷயமாக மாட்ரிட்டில் மூன்று வருடம் இருந்தேன், அங்கிருந்து டொலேடோ ரயிலில் அரை மணி நேரம்தான், லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவேன். மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓட, நடுவில் குன்றின்மேல் ஊர்.

சான்டோ டோமே தேவாலயத்தில் எல் கிரெக்கோ என்ற ஓவியர் வரைந்த "ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்" என்ற படம் இருக்கிறது. கிட்டத்தட்ட 16 அடி உயரம். கீழே இரண்டு புனிதர்கள் வானத்திலிருந்து இறங்கி வந்து பிரபுவின் உடலைக் கல்லறையில் இறக்குகிறார்கள், பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கையை நீட்டி அதைக் காட்டுகிறான். அவன் பையிலிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்க்கும், அதில் கிரேக்க எழுத்தில் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற வருடமும் இருக்கும். பையன் ஓவியரின் மகன், அது அவன் பிறந்த வருடம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் படம் எதனால் வரையப்பட்டது என்பதை. 1323இல் இறந்த அந்தப் பிரபு, ஓர்காஸ் ஊர்க்காரர்கள் வருடாவருடம் இந்தத் தேவாலயத்துக்கு 2 ஆடு, 16 கோழி, 2 தோல்பை திராட்சை மது, 2 சுமை விறகு, 800 காசு கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இருநூறு வருடத்துக்கு மேல் ஆனதும் ஊர்க்காரர்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பங்குச் சாமியார் வழக்குப் போட்டு 1569இல் ஜெயித்தார், அதற்கு அப்புறம் அந்தப் பிரபுவை ஊர் மறக்கக் கூடாது என்று 1586இல் எல் கிரெக்கோவிடம் படத்துக்கு ஒப்பந்தம் போட்டார். கூலியிலும் தகராறு வந்தது. முதலில் மதிப்புப் போட்டவர்கள் 1200 டுகாட் (அந்தக் காலத்து ஸ்பானியப் பணக் கணக்கு) என்றார்கள், தேவாலயம் அது அதிகம் என்றதும் மறுபடி மதிப்புப் போட்டார்கள், அவர்கள் 1600 என்றுவிட்டார்கள்! கடைசியில் 1200க்கே முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம பெரிய கோயில் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய், இன்னார் பொறுப்பு என்று வெட்டிவைத்திருக்கிறார்களே, அதே சங்கதி. நிவந்தக் கணக்கு, அதாவது கோயிலுக்கு எழுதிவைத்த கொடைக் கணக்கு, படித்துப் பழகிய கண்ணோடு அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் காகிதங்களைப் பாருங்கள், ஸ்பெயின்காரர்கள் கேட்காத கேள்வி உங்களுக்குத் தோன்றும். உங்கள் பேராசிரியருக்கும் இதையே சொல்லுங்கள்.

மோடி வாசகன்:
மேலே சொன்னவரோடு எனக்கு முழு உடன்பாடு, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் தஞ்சாவூரில் மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களைப் படிக்கிறவன். மோடி என்பது பேனாவை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிற எழுத்து, மராத்தி நன்றாகத் தெரிந்தவரே பார்த்தால் திணறுவார். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நோட்டரிகள், அதாவது பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறவர்கள், எழுதியதும் அப்படியேதான், சொல்லுக்குச் சொல் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். சான் ரோமான் என்ற டொலேடோக்காரர் அந்தக் கட்டுகளைப் புரட்டித்தான் எல் கிரெக்கோவின் ஒப்பந்தங்களை 1910இல் அச்சில் கொண்டுவந்தார். இன்னொரு ஆச்சரியம்: 1085இல் ஊர் கிறிஸ்தவர் கைக்கு வந்த பிறகும், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே இருந்த கிறிஸ்தவர்களே நிலம் வீடு பத்திரங்களை அரபியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொன்சாலஸ் பலென்சியா அவற்றை 1926 முதல் 1930 வரை தொகுத்து வெளியிட்டார். தமிழ் பேசுகிற ஊரில் மோடியில் கணக்கு எழுதியதைப் பார்த்த நமக்கு இது அந்நியமாகப் படாது.

ஸ்பானிய அரசு ஆவணங்களின் பாரெஸ் தளம் இலவசம், டயால்நெட் என்ற ஸ்பானிய ஆய்வுத் தளத்தில் கட்டுரைகள் நிறையக் கிடைக்கும்.

மாயவரத்தான்:
எல்லாரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், சரி. ஆனால் மொழி வராமல் பதிவு செய்யாதீர்கள். என் நண்பன் பிரெஞ்சு தெரியாமல் புதுச்சேரி ஆவணங்களை எடுத்து நாலு வருடம் வீணாக்கினான், இன்றும் அவனுக்கு அது ஆறவில்லை. டெல்லியில் ஸ்பானிய மொழி சொல்லித்தரும் செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது, இணைய வகுப்பும் நடத்துகிறார்கள். அப்புறம், "டொலேடோ கலை" என்று தலைப்பு வைத்தால் கரை காண முடியாது. ஒரே ஒரு கட்டடம் எடுங்கள். 999இல் கட்டிய ஒரு சின்ன மசூதி இருக்கிறது, இப்போது கிறிஸ்தோ தே லா லூஸ் என்கிறார்கள். பெரிய கோயில் முடிவதற்குப் பதினோரு வருடம் முன்னால் கட்டியது. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கிக் கல்வெட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்பது விதானம், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

குடந்தைக்காரி:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மாயவரத்து அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு வருடம் மொழிக்கு ஒதுக்கிவிட்டு அப்புறம்தான் பதிவு. ஆனால் கட்டடத்தை விட அந்த ஆடு கோழி வழக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது, நேற்று ராத்திரி அப்பாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன், "800 காசு அந்தக் காலத்தில் எவ்வளவு பெறும்?" என்று திருப்பிக் கேட்டார். மோடி வாசகன் சார், கையெழுத்துப் படிக்கிற பழக்கத்துக்காக ஒரு நாள் தஞ்சாவூர் வந்து நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?

மோடி வாசகன்:
வாங்கம்மா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் பென்சிலும் போதும், பேனா வேண்டாம், பழைய காகிதத்துப் பக்கத்தில் பேனா வைக்கக் கூடாது.