முழுக் காட்டமான நிக்கரகுவாச் சுருட்டு: வன்னி வெக்கையில் வைத்திருந்து சுவை பார்ப்பது எப்படி?

கனகராயன்:

வணக்கம் உறவுகளே. நிக்கரகுவாவில் கையால் சுற்றிய சுருட்டு நாலு கைக்கு வந்திருக்கு. ரொபஸ்டோ என்ற அளவு, 5 அங்குல நீளம், வளைய அளவு (தடிப்பு) 50, மேலிலை (வெளியே சுற்றின இலை) கறுப்பு மடூரோ. பெட்டியில் ‘முழுக் காட்டம்’ என்று போட்டிருக்கு. கோடா (மணச்சாறு) போட்ட யாழ்ப்பாணச் சுருட்டின் சுவை தெரியும், இந்த வகை புதுசு. கேட்க வேண்டியது மூன்று விஷயம். ஹியூமிடோர் (ஈரப்பதன் மாறாமல் சுருட்டு வைக்கும் பெட்டி) இல்லாமல் இங்கத்தைய வெக்கையில் எப்படி வைத்திருக்கிறது? ஒழுங்காகச் சுவை பார்த்துக் குறிப்பெழுத என்ன முறை? காட்டம் கூடினால் தரமும் கூடினது என்று எடுக்கலாமோ?

மாங்குளத்தான்:

வைத்திருக்கிற விஷயத்தை மட்டும் சொல்லுறன் தம்பி.

முதல் எதிரி வண்டு. புகையிலை வண்டின்ரை முட்டை இலைக்குள்ளயே கிடக்கும், 24, 25 பாகை தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். எங்கட பகல் வெக்கைக்கு அது சொல்லவே தேவையில்லை. மேலிலையில குண்டூசி போன அளவு ஓட்டையும் பக்கத்தில தூளும் கண்டால் வண்டு வந்திட்டுது. அதுக்கு முதலே நாலையும் சிப் பையில காத்தை வெளியேற்றிப் போட்டு, ஒரு நாள் பிரிட்ஜின்ரை கீழ்த்தட்டில, பிறகு மூண்டு நாள் ஃப்ரீசரில, திரும்ப ஒரு நாள் கீழ்த்தட்டில வையுங்கோ. நேரே ஃப்ரீசருக்குள்ள போட்டாலும், எடுத்த உடனே வெளியில வைச்சாலும் மேலிலை வெடிக்கும்.

ஹியூமிடோர் இல்லாட்டி காரியமில்லை. ரப்பர் விளிம்பு வைச்ச, காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டியும் உள்ளுக்கு ஈரத்தை 65 வீதத்தில வைச்சிருக்கிற ஈரப்பதன் பொதி ஒண்டும் காணும். இந்த ஊரில மரப்பெட்டியை விட அது திறம். ஆடியில சோளகம் வீசேக்க இலை காய்ஞ்சு நொருங்கும், கார்த்திகை மாரியில ஊறிப் பொங்கும். மரம் வெளிக்காத்தோடையே ஏறி இறங்கும், நல்ல பிளாஸ்ரிக் அசையாது. பெட்டியைக் கழுவி, மணம் போகுமட்டும் ரெண்டு நாள் திறந்து வையுங்கோ.

ஈரமானியை அப்பிடியே நம்பாதேங்கோ. போத்தல் மூடி ஒண்டில ஆனையிறவு உப்பைப் போட்டு, கரையாமல் களிபோல வர நாலைஞ்சு துளி தண்ணி விட்டு, ஈரமானியோட சேர்த்து ஒரு சின்னப் பெட்டிக்குள்ள ஒரு நாள் மூடி வைச்சால் 75 காட்ட வேணும். 71 காட்டினால் இனி எப்பவும் 4 கூட்டிப் படியுங்கோ.

பெட்டிக்குள்ள வேப்பம் பலகை வைக்கிற எண்ணம் வேண்டாம். ஹியூமிடோருக்குப் போடுற ஸ்பானிய சீடரும் வேம்பும் ஒரே தாவரக் குடும்பம்தான், ஆனால் வேம்பின்ரை மணம் இலையில ஏறினால் இறங்காது. ஃப்ரீசரில இருந்து வந்த சுருட்டை ரெண்டு கிழமையாவது பெட்டிக்குள்ள ஆற விட்டுத்தான் பத்த வைக்கலாம்.

முத்தையன்கட்டு:

சுவை பார்க்கும் முறை.

நேரம்: சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். அன்றைக்குக் கறியில் தூளைக் குறையுங்கள், வெற்றிலை போடாதீர்கள். காரமும் சுண்ணாம்பும் பட்ட நாக்கால் இதைப் படிக்க ஏலாது. பக்கத்தில் தண்ணீர் போதும். மின்விசிறியை நிற்பாட்டுங்கள், காற்றுப் பட்ட பக்கம் முந்தி எரிந்து சுருட்டு கோணும்.

பற்றவைக்க முதல் கையால் பாருங்கள். இரண்டு விரலுக்குள் மெல்ல உருட்டிக்கொண்டு நுனிவரை போங்கள். பஞ்சு போன்ற இடத்தில் இலை குறைவு, அங்கே சூடேறிக் கசக்கும். கட்டிபட்ட இடத்தில் இலை முறுகியிருக்கிறது, புகை அடைபடும். பிறகு அடிப்பக்கத்தை முகருங்கள். மாட்டுப்பட்டி மணமோ வைக்கோல் மணமோ குறை அல்ல. மூக்கைக் குத்தும் அமோனியா வந்தால் பதனிடல் முடியவில்லை. அதை மாதக்கணக்கில் ஆற விட வேண்டும்.

வெட்டு: யாழ்ப்பாணச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தது. இதற்குத் தலையில், அதாவது வாயில் வைக்கும் பக்கத்தில், மூடின இலைத்துண்டு உண்டு, அதுதான் தொப்பி. தொப்பிக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மட்டும், ஒரே வெட்டில். கோட்டைத் தாண்டினால் மேலிலை அவிழ்ந்துகொண்டே வரும். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ரோவால் உறிஞ்சுகிற அளவு தடை இருந்தால் சரி.

நெருப்பு: மண்ணெண்ணெய் விளக்கும் பெற்றோல் லைற்றரும் கூடாது, அந்த மணம் கடைசிவரை நிற்கும். பியூட்டேன் லைற்றர், அல்லது நெருப்புக்குச்சி. குச்சியென்றால் தலை மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள். சுவாலை இலையில் படாமல், சற்று மேலே பிடித்துச் சுழற்றி விளிம்பு முழுக்கச் சிவந்தபின்தான் முதல் இழுவை.

ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுவை. இந்த அளவுச் சுருட்டு முக்கால் மணி முதல் ஒரு மணித்தியாலம் எரியும்; 25 நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் சுவைத்தது கருகலைத்தான். புகை நெஞ்சுக்குள் போகக்கூடாது. வாயில் இரண்டு மூன்று விநாடி வைத்து, பெரும்பகுதியை வெளியே விட்டு, மிச்சக் கொஞ்சத்தை மட்டும் மூக்கால் விடுங்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு போன்ற அடிப்படைச் சுவைகள்தான். மிச்ச மணமெல்லாம் மூக்கின் வேலை. சுருட்டின் நீளத்தை மூன்று பாகமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தரம் மூக்கால் விட்டால் போதும், கூடினால் மூக்கு மரத்துவிடும்.

குறிப்பெழுதும்போது காட்டம், கனதி, சுவை என்று மூன்று நிரல் போடுங்கள். காட்டம் நிக்கொட்டினின் வேகம், தலையிலும் வயிற்றிலும் தெரியும். கனதி வாயில் புகையின் பாரம்: வெறுந்தேத்தண்ணியா, பால்தேத்தண்ணியா. சுவைக்கு உங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரையே எழுதுங்கள். மிளகு, வறுத்த கோப்பிக்கொட்டை, கருகின பனங்கட்டி, அரிந்த முதிரைப் பலகை, பாலைப்பழம், முதல் மழை மண். வெளிநாட்டுக் குறிப்பில் இருக்கிறதென்று அத்திப்பழம் எழுதவேண்டாம்.

முதல் பாகத்தில் மிளகு தூக்கலாக இருக்கும். இரண்டாம் பாகத்தில்தான் சுற்றியவரின் கலவை தெரியும், மதிப்பெண்ணின் பெரும்பங்கை அதற்கே கொடுங்கள். கடைசிப் பாகத்தில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து காட்டம் ஏறும். அங்கேயும் கசக்காமல் இனிப்பை வைத்திருந்தால் அது உண்மையில் உயர்ந்த சுருட்டு. ஒன்றைப் பார்த்து எண் போடாதீர்கள். கைவேலை, ஒன்றுக்கு ஒன்று மாறும். மூன்றாவது முடிந்தபின் போடுங்கள்.

நெடுங்கேணி வாசி:

மேலே சொன்னது சரி. காட்டம் பற்றிக் கூட்ட வேண்டியது உண்டு.

கறுப்பு நிறம் காட்டத்தின் அடையாளம் இல்லை. மடூரோ கூடின சூட்டில், கூடின காலம் நொதித்த இலை. பலவேளை இனிப்பைத்தான் கூட்டும். காட்டம் உள்ளே சுற்றிய இலையில் இருக்கிறது. செடியின் உச்சிப் பக்கம் வெயில் குடித்த தடித்த இலைக்கு லிஹெரோ என்று பெயர். அது மெல்ல எரியும், ஆகவே நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். நிக்கரகுவாவிலேயே எஸ்டெலிப் பள்ளத்தாக்கு லிஹெரோ முரட்டு இலை, ஹலாபாப் பகுதி இலை அதைவிட மென்மையும் இனிப்பும். ஆக, காட்டம் கலவையின் குணம் மட்டுமே. காட்டம் மிஞ்சிச் சுவை மறைந்தால் அது குறைபாடு.

கனகராயன், கோடாப் பழக்கத்தால் ஒரு ஏமாற்றம் வரும். கோடா இலைக்கு வெளியிலிருந்து மணமும் சுவையும் ஏற்றுகிறது. இதில் இலையும் நொதிப்பும் தவிர வேறொன்றும் இல்லாததால் முதல் பத்து நிமிடம் சப்பென்று படலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

புகையை விழுங்காவிட்டாலும் நிக்கொட்டின் ஏறும். சிகரெட் புகை அமிலத்தன்மை, சுருட்டுப் புகை காரத்தன்மை. காரத்தன்மையில் நிக்கொட்டின் வாயின் தோலாலேயே இரத்தத்துக்குப் போகும். குளிர் வியர்வை, விக்கல், குமட்டல் தொடங்கினால் உடனே வைத்துவிடுங்கள். தண்ணீர், சீனி போட்ட பிளேன்ரீ, காற்றோட்டமான இடத்தில் படுக்கை. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று தொடர்வதுதான் சத்தியில் முடிகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் சுருட்டாலும் வரும், விழுங்காதது காப்பு இல்லை. ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய தரம் என்று வைத்திருங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டாம், விற்பனைக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டமே தடை.

வெள்ளைச் சாம்பல் தரத்தின் அடையாளம் என்று கனபேர் சொல்வார்கள். அது மண்ணின் கனியத்தைப் பொறுத்தது, மதிப்பெண் வேண்டாம். சாம்பல் 2 சென்ரிமீற்றர் உதிராமல் நின்றால், நீள இலையால் சுற்றியது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

கனகராயன்:

நன்றி அண்ணைமார். இன்னும் இரண்டு கேள்வி. ஒரு பக்கம் மட்டும் எரிந்து கோணினால்? பாதியில் அணைத்து அடுத்த நாள் தொடரலாமோ?

முத்தையன்கட்டு:

கோணினால், பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பி இரண்டு இழுவை பொறுங்கள். நெருப்பு கீழ்ப்பக்கத்தில் விரைவாக ஓடும், பலவேளை தானே நேராகும். ஆகாவிட்டால் பின்தங்கின விளிம்புக்கு மட்டும் லைற்றரைக் காட்டுங்கள். நடுவில் குகை விழுந்து மேலிலை எரியாமல் நின்றால் இழுவை மிக மெதுவாகிவிட்டது, அல்லது மேலிலையில் ஈரம் கூட. அடுத்ததைப் பெட்டிக்கு வெளியே ஒரு நாள் வைத்துப் பாருங்கள், சோளக காலம் என்றால் அரை நாள்.

அடுத்த நாளைக்கு வைக்க ஏலாது. ஆறியதும் தார் முழுக்க இலையில் உறைந்து புளித்த சாம்பல் சுவை வரும், பெட்டிக்குள் வைத்தால் மற்ற மூன்றையும் கெடுக்கும். அதே இருப்பில் அணைந்தால் மட்டும் சாம்பலைத் தட்டி, சுருட்டின் வழியே வெளிப்புறமாக ஒருமுறை ஊதி உள்ளே நிற்கும் பழைய புகையை எடுத்துவிட்டு மீண்டும் பற்றவையுங்கள். ஒரு மணித்தியாலம் தாண்டினால் எறிந்துவிடுங்கள்.