நியூரான் மரபணு இறங்கினால் பழியை வைரஸ் தலையில் கட்டலாமா?

எச்ஐவி பாதித்த மூளையின் மரபணுத் தரவை எப்படிப் படிப்பது என்று மூவர் புனைபெயர்களில் வாதிடுகிறார்கள்.

கிளியான்: எச்ஐவி டிமென்ஷியா (எச்ஐவியால் வரும் அறிவுத்திறன் சிதைவு) உள்ளவர்களின் மூளைத் திசுவில் எஸ்என்ஏபி25, எஸ்ஒய்டி1 போன்ற சினாப்ஸ் (நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், சந்திக்கும் இடம்) மரபணுக்களின் ஆர்என்ஏ அளவு வரிசையாக இறங்கிக் கிடக்கிறது. வைரஸ் நியூரானுக்குள் பெருகுவதில்லை, சரி. ஆனால் தொற்றிய மேக்ரோஃபேஜும் மைக்ரோகிளியாவும் (மூளையில் உள்ள நோயெதிர்ப்பு செல்கள்) வெளியே விடும் டாட், ஜிபி120 என்ற வைரஸ் புரதங்கள் அந்த மரபணுக்களை அடக்குகின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆர்என்ஏ கணக்கர்: இது சாட்சியே இல்லை, வெறும் விகிதக் கணக்கு. அரைத்த திசுவின் ஆர்என்ஏவில் நியூரான் பங்கு 40% என்று வையுங்கள். அது 30% ஆனால், ஒரு மரபணுவும் மாறாமலே நியூரான் மரபணுக்கள் அத்தனையும் 25% இறங்கும். லாக்2 (2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை) கணக்கில் −0.42. அதற்கு நியூரான் சாகக்கூட வேண்டாம். மூளையின் வெளியடுக்கான புறணியை வெட்டும்போது அடியில் இருக்கும் வெள்ளைப்பொருள் (நரம்பு இழைப் பகுதி) கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். வெள்ளைப்பொருளில் அதிகம் உள்ள எம்பிபி, பிஎல்பி1 மரபணுக்கள் ஏறியிருக்கின்றனவா பாருங்கள்.

கிளியான்: ஏறியிருந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடலாம். ஆனால் அறிவுத்திறன் குறைவோடு ஒத்துப்போவது நியூரான் எண்ணிக்கையைவிட டெண்ட்ரைட் (நியூரான் சமிக்ஞை வாங்கும் நீட்சி) கிளைகளும் சினாப்ஸும் சிதைவதுதான். உயிரோடு இருக்கும் நியூரானே ஒடுங்குகிறது.

ஆர்என்ஏ கணக்கர்: அப்படியானால் நியூரானை அடையாளம் காட்டும் ஆர்பிஎஃப்ஓஎக்ஸ்3 மரபணுவை அளவுகோலாக வையுங்கள். அது நிற்க, எஸ்என்ஏபி25 மட்டும் இறங்கினால் நீங்கள் சொல்வது சரி. எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கினால் நான் சொல்வது சரி. அடிபட்ட நியூரானில் அந்தக் குறியே மங்கலாம், அதனால் இன்னும் நாலைந்து குறிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். க்யூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவைக் கணக்கிடும் சோதனை) ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஎச் ஒன்றையே நம்பி உட்காராதீர்கள்.

உறைதிசு: இறங்கியதற்கே இவ்வளவு சண்டை, ஏறியதை யாரும் பார்க்கவில்லையே? ஐஎஸ்ஜி15, எம்எக்ஸ்1, ஐஎஃப்ஐடி1 எல்லாம் இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்தால் செல்கள் விடும் எச்சரிக்கைப் புரதம்) தூண்டும் மரபணுக்கள். பங்கு மாற்றம் மட்டும் அவற்றை அத்தனை மடங்கு ஏற்றாது. இன்டர்ஃபெரான் ஐடிஓ1 என்ற என்சைமையும் கிளப்பும். அதனால் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உடைந்து, பல படிகள் தாண்டி குயினோலினிக் அமிலமாகும். அது நியூரானின் மேல் உள்ள என்எம்டிஏ ஏற்பியைத் திறக்க, கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே கொட்டி நியூரானைக் கெடுக்கும்.

ஆர்என்ஏ கணக்கர்: மூளை அழற்சி இருந்த மாதிரிகளில்தான் அது உச்சம். அழற்சி உள்ளதையும் இல்லாததையும் ஒரே குழுவாக்கினால், நாலு மாதிரி சேர்ந்து மொத்த சராசரியையும் இழுத்துவிடும்.

கிளியான்: அழற்சி அடங்கினாலும் டாட் நிற்காது. எச்ஐவி மருந்துகளில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டகிரேஸ் தடுப்பான்கள் வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமில் ஒட்டுவதற்கு முன்னால் தடுக்கின்றன. புரோட்டியேஸ் தடுப்பான் புரதம் உருவான பின்னால். ஏற்கெனவே ஒட்டிய டிஎன்ஏவிலிருந்து டாட் உருவாவதை இவற்றில் எதுவும் நிறுத்தாது.

உறைதிசு: ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் தனித்தனியாகப் பிரித்து ஆர்என்ஏ வரிசை எடுத்தால் பங்குச் சண்டை பெரும்பாலும் தீரும். ஒரு பொறி உண்டு: மைக்ரோகிளியாவின் விழிப்பு மரபணுக்கள் பலவற்றின் ஆர்என்ஏ உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில்தான் அதிகம், உட்கருவைப் பிரிக்கும்போது அது போய்விடும். அந்தத் தரவை வைத்து ‘மைக்ரோகிளியா அமைதியாக இருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள்.